மூன்று மரபணு, ஒரு சிவப்புப் புள்ளி: டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டுவது எப்படி?

ஈ.கோலை பாக்டீரியாவை அகர் தட்டில் தடவி ஓர் இரவு வைத்தால், மறுநாள் வெளிறிய பால் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம். ஆய்வகத்தில் இதைக் காலனி என்பார்கள். அதே ஈ.கோலைக்குள் பான்டோயா என்ற வேறொரு பாக்டீரியாவின் மூன்று மரபணுக்களைச் சேர்த்துவிட்டுப் பாருங்கள். ஓரிரு நாளில் காலனிகள் சிவக்கத் தொடங்கும். தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைகோபீன் என்ற நிறமி, தக்காளியோடு எந்த உறவும் இல்லாத ஒரு குடல் பாக்டீரியாவுக்குள் உருவாகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

‘மூன்று மரபணுக்களைச் சேர்த்துவிட்டு’ என்று ஒரே வீச்சில் எழுதிவிட்டேன். உண்மையில் வேலையெல்லாம் அந்தச் சேர்ப்பதில்தான் இருக்கிறது. தனித்தனியாகக் கிடக்கும் டி.என்.ஏ. துண்டுகளைச் சரியான வரிசையில், சரியான திசையில், ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒட்ட வேண்டும். (டி.என்.ஏ.வில் வரிசையாக நிற்கும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வகை அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்.) தொகுப்பு உயிரியலில், அதாவது சிந்தெடிக் பயாலஜியில், இதற்கென்றே சில முறைகள் வளர்ந்திருக்கின்றன. அவற்றைப் புதிதாகக் கேட்பவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

பாதை என்று எதைச் சொல்கிறோம்?

செல்லுக்குள் ஒரு நொதி ஒரு மூலக்கூறைப் பிடித்துச் சிறிது மாற்றும். அடுத்த நொதி அதை வாங்கி இன்னும் கொஞ்சம் மாற்றும். இப்படிக் கைமாறிக் கைமாறி ஒரு பொருள் வேறொரு பொருளாகும் வரிசைதான் வளர்சிதைமாற்றப் பாதை. அந்த வரிசையில் இருக்கும் நொதிகளைச் செய்வதற்கான குறிப்பு மரபணுக்களில் இருக்கிறது.

லைகோபீனையே எடுத்துக்கொள்வோம். ஈ.கோலையிடம் 15 கார்பன் அணுக்கள் கொண்ட எஃப்பிபி என்ற மூலக்கூறு ஏற்கெனவே உண்டு. தன் சொந்தத் தேவைக்காக ஈ.கோலையே செய்துகொள்வது அது. சிஆர்டி-ஈ என்ற மரபணு தரும் நொதி, அதோடு 5 கார்பன் துண்டு ஒன்றைச் சேர்த்து 20 கார்பன் ஆக்குகிறது. சிஆர்டி-பி தரும் நொதி அந்த 20 கார்பன் மூலக்கூறுகளில் இரண்டை ஒட்டி 40 ஆக்குகிறது. இதன் பெயர் ஃபைட்டோயீன். இதற்கு நிறம் கிடையாது. கடைசியாக சிஆர்டி-ஐ தரும் நொதி அதிலிருந்து ஹைட்ரஜன் அணுக்களைக் கழற்றி இரட்டைப் பிணைப்புகளைக் கூட்ட, சிவப்பு லைகோபீன் கிடைக்கிறது. மூன்றில் எது விடுபட்டாலும் காலனி சிவக்காது. நான்காவதாக சிஆர்டி-ஒய் என்ற மரபணுவைச் சேர்த்தால் லைகோபீனின் இரு முனைகளும் வளையமாகி, பீட்டா கரோட்டின் உண்டாகும். காலனி ஆரஞ்சு நிறத்துக்குப் போகும்.

இது சின்னப் பாதை. ஈஸ்டுக்குள் ஓபியாய்டு வலிநிவாரணிகளைச் செய்து காட்டிய 2015-ஆம் ஆண்டு ஆய்வில், தாவரம், பாலூட்டி, பாக்டீரியா, ஈஸ்ட் என நான்கு பக்கமிருந்தும் இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் தேவைப்பட்டன.

மரபணு மட்டும் இருந்தாலும் போதாது. ‘இங்கிருந்து படி’ என்று செல்லுக்குச் சொல்லும் ப்ரொமோட்டர் என்ற பகுதி அதற்கு முன்னால் வேண்டும். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் வந்து அமர ஓரிடம் வேண்டும். ‘இங்கே நிறுத்து’ என்று சொல்லும் டெர்மினேட்டர் கடைசியில் வேண்டும். பாக்டீரியாவில் பல மரபணுக்களை ஒரே ப்ரொமோட்டரின் கீழ் ரயில் பெட்டிபோல் கோக்கலாம். ஈஸ்டில் பொதுவாக ஒவ்வொரு மரபணுவுக்கும் தனி ப்ரொமோட்டர், தனி டெர்மினேட்டர். அப்படிப் பார்த்தால் ஐந்து மரபணுப் பாதைக்கு 15 துண்டுகள். அதற்கு மேல், இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் வளைய டி.என்.ஏ.வான பிளாஸ்மிட்.

ஏன் துண்டுகளாகச் செய்து ஒட்ட வேண்டும்?

நியாயமான கேள்வி. இன்று டி.என்.ஏ.வை வேதிமுறையில் எழுத்து எழுத்தாகச் செய்து வாங்க முடிகிறதே, முழுப் பாதையையும் ஒரே நீளமாகச் செய்துவிடலாமே?

கணக்கு அதற்கு இடம் கொடுக்காது. வேதிமுறையில் ஒவ்வோர் எழுத்தைச் சேர்க்கும்போதும் 99.5 சதவீதம் வெற்றி என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 200 எழுத்து சேர்த்து முடிக்கும்போது, முழு நீளத்தை எட்டியவை சுமார் 37 சதவீதம்தான். 1,000 எழுத்துக்கு ஒரு சதவீதம்கூடத் தேறாது. ஒரு சாதாரண மரபணுவே ஏறத்தாழ 1,000 எழுத்து இருக்கும். ஆகவே எவ்வளவு நீளமான டி.என்.ஏ.வாக இருந்தாலும், அது எங்கோ ஓரிடத்தில் குட்டித் துண்டுகளாகப் பிறந்து, பிறகு ஒட்டப்பட்டதுதான். நிறுவனத்திடமிருந்து முழு மரபணுவாக வாங்கினாலும், ஒட்டும் வேலையை அவர்கள் நமக்காகச் செய்து முடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

துண்டு துண்டாகச் செய்து ஒட்டும் இந்த வழியைத் திறந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஹர் கோவிந்த் கொரானா. மரபுக் குறியீட்டை வாசித்ததற்காக 1968-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அதோடு நிற்கவில்லை. 1970-இல் அவருடைய குழு, ஈஸ்டின் ஒரு மரபணுவை, 77 இணை எழுத்து நீளத்துக்கு, குறுந்துண்டுகளை வேதிமுறையில் செய்து லிகேஸ் என்ற நொதியால் ஒட்டி முடித்தது. 1976-இல் அவர்கள் செய்த இன்னொரு செயற்கை மரபணு செல்லுக்குள் வேலையும் செய்தது. இன்று ஆய்வகங்களில் நாம் செய்வதன் எலும்புக்கூடு அப்போதே தயார்: குறுந்துண்டு செய், முனைகளைப் பொருத்து, லிகேஸால் மூடு.

வெட்டும் நொதியும் ஒட்டும் முனையும்

டி.என்.ஏ. இரட்டை இழை. ஏ எதிரில் டி, ஜி எதிரில் சி. ஒட்டும் முறைகள் அத்தனைக்கும் அடிப்படை இந்த ஒரு விதிதான். ஒரு துண்டின் முனையில் ஓர் இழை மட்டும் சிறிது நீட்டிக்கொண்டிருந்தால், அதற்குப் பொருந்தும் நீட்சி உள்ள இன்னொரு துண்டை அது தானாகவே தேடிப் பிடிக்கும். இதற்கு ஒட்டும் முனை என்று பெயர்.

அந்த முனையை உண்டாக்க முதலில் கிடைத்த கருவி ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகள், சுருக்கமாக வெட்டு நொதிகள். தங்களைத் தாக்கும் வைரஸின் டி.என்.ஏ.வைத் துண்டாக்க பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் கத்திகள் இவை. ஈகோ ஆர்-ஒன் என்ற நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்து வரிசையைக் கண்டால் மட்டுமே வெட்டும். வெட்டிய இடத்தில் ஏ-ஏ-டி-டி என்ற நான்கெழுத்து நீட்சியை விட்டுச்செல்லும். இரண்டு துண்டுகளையும் இதே நொதியால் வெட்டினால் முனைகள் பொருந்தும். லிகேஸைச் சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும். 1970-களில் மரபணுப் பொறியியல் தொடங்கியது இந்த இரண்டே கருவிகளை நம்பித்தான்.

ஒரு மரபணுவை ஒரு பிளாஸ்மிட்டில் வைக்க இது இன்றும் போதும். ஆனால் பாதை என்று வரும்போது திணறுகிறது. ஒரே நொதி எல்லா இடத்திலும் ஒரே முனையைத்தான் தரும். எந்தத் துண்டு எதற்கு அடுத்து என்பதை அந்த முனையால் சொல்ல முடியாது. வேறு வேறு நொதிகளைப் பயன்படுத்தலாம் என்றால், ஒவ்வொன்றும் நம் மரபணுவின் நடுவில் எங்கும் வெட்டாது என்று உறுதிசெய்ய வேண்டும். ஆறெழுத்து வரிசை ஒன்று, தற்செயலாகப் பார்த்தால், சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒரு முறை வரும். 10,000 எழுத்துப் பாதையில் ஐந்தாறு நொதிகளுக்கு இடம் தேடுவது தலைவலி. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு துண்டாகச் சேர்ப்பார்கள்: ஒட்டு, பாக்டீரியாவுக்குள் அனுப்பு, வளர், சரிபார், மறுபடி ஒட்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் பல நாள். பத்துத் துண்டுப் பாதை என்றால் மாதக்கணக்கு.

எம்.ஐ.டி.யில் டாம் நைட் 2003-இல் முன்வைத்த பயோபிரிக் முறை இந்தக் குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. எல்லாத் துண்டுக்கும் ஒரே மாதிரி தலை, ஒரே மாதிரி வால். எந்த இரண்டை ஒட்டினாலும், கிடைப்பதும் அதே தலையும் வாலும் கொண்ட புதிய துண்டாக இருக்கும். அதை மறுபடியும் ஒட்டலாம். அழகான யோசனை. குறை என்னவென்றால், ஒட்டிய இடத்தில் எட்டெழுத்து வடு ஒன்று தங்கிவிடும்.

தமிழ் படித்தவர்களுக்கு இதைப் புணர்ச்சி இலக்கணம் கொண்டு விளக்குவது எளிது. கதை, புத்தகம் இரண்டும் சேரும்போது நடுவே ஒரு ‘ப்’ தோன்றிக் கதைப்புத்தகம் ஆகிறது. அது தோன்றல். பயோபிரிக் வடுவும் அப்படித்தான்: இரு சொல்லிலும் இல்லாத எழுத்துகள் நடுவே வந்து நிற்கின்றன. தமிழில் அந்த ‘ப்’ பொருளைக் கெடுப்பதில்லை. டி.என்.ஏ.வில் கெடுக்கும். செல் மூன்று மூன்று எழுத்தாகத்தான் மரபணுவைப் படிக்கிறது. எட்டு எழுத்து நுழைந்தால் படிக்கும் வரிசையே நகர்ந்துவிடும். போதாக்குறைக்கு, புரதம் செய்வதை நிறுத்தச் சொல்லும் டி-ஏ-ஜி என்ற குறியும் அந்த வடுவில் இருக்கிறது. மரபணுக்களுக்கு இடையில் வடு விழுந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். இரண்டு புரதங்களை ஒன்றாகக் கோக்க நினைத்தால் நடக்காது. நமக்கு வேண்டியது பொன், வளை சேர்ந்து பொன்வளை ஆவதுபோல எதுவும் தோன்றாத, எதுவும் கெடாத இயல்பு புணர்ச்சி.

கோல்டன் கேட்: தன் தடயத்தைத் தானே அழிக்கும் வெட்டு

அந்த இயல்பு புணர்ச்சிக்கு வழிசெய்தது 2008-இல் கரோலா எங்லர், சில்வெஸ்டர் மரிலோனே முதலானோர் வெளியிட்ட கோல்டன் கேட் முறை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த யோசனை இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஈகோ ஆர்-ஒன் தான் அடையாளம் காணும் இடத்துக்குள்ளேயே வெட்டும். ஆனால் வெட்டு நொதிகளில் இன்னொரு வகை உண்டு. இவை ஓரிடத்தில் அமர்ந்து, சற்றுத் தள்ளி வெட்டும். பிஎஸ்ஏ-ஒன் அப்படிப்பட்டது. ஜி-ஜி-டி-சி-டி-சி என்ற வரிசையில் அமரும். ஓர் எழுத்து தள்ளி ஓர் இழையையும், ஐந்து எழுத்து தள்ளி மற்ற இழையையும் வெட்டும். நடுவில் உள்ள நான்கு எழுத்து நீட்சியாக நிற்கும்.

இதில் என்ன விசேஷம்? அந்த நான்கு எழுத்து எதுவாக இருக்க வேண்டும் என்பதை நொதி தீர்மானிப்பதில்லை, நாம் தீர்மானிக்கிறோம். ப்ரொமோட்டரின் வாலில் ஏ-ஏ-டி-ஜி என்று வைத்து, முதல் மரபணுவின் தலையிலும் அதையே வைத்தால் அவை இரண்டும்தான் சேரும். மரபணுவின் வாலுக்கு வேறொரு நான்கெழுத்து. அடுத்த துண்டின் தலைக்கும் அதே. பத்துத் துண்டை ஒரே குழாயில் போட்டாலும் ஒவ்வொன்றுக்கும் தன் பக்கத்துத் துண்டு எது என்று தெரியும்.

இரண்டாவது விசேஷம் இன்னும் நுட்பமானது. நொதி அமரும் இடத்தை, வெட்டில் உதிர்ந்துபோகும் வெளிப்பக்கத்தில் வைக்கிறோம். சரியாக ஒட்டிய துண்டில் அந்த இடமே இருக்காது. நொதி அதை மறுபடி வெட்ட முடியாது. உதிர்ந்த துணுக்கு திரும்ப வந்து ஒட்டிக்கொண்டாலோ, அமருமிடம் மறுபடி உருவாகிவிடும். நொதி மறுபடி வெட்டும். அதனால் வெட்டும் நொதியையும் ஒட்டும் லிகேஸையும் ஒரே குழாயில் சேர்த்தே விடலாம். வெட்டுவதற்கு 37 டிகிரி, ஒட்டுவதற்கு 16 டிகிரி என மாறி மாறிச் சுற்ற விடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் தவறான சேர்க்கை பிரிந்து, சரியான சேர்க்கை மட்டும் குவிந்துகொண்டே போகும். திரும்பிப் போக வழியில்லாத ஒரு கதவு மாதிரி.

நான்கு எழுத்தில் 256 வரிசைகள் சாத்தியம். அவற்றில் 16 தன்னோடு தானே ஒட்டிக்கொள்பவை; அவற்றைத் தவிர்க்க வேண்டும். மீதி 240, ஒன்றுக்கொன்று எதிரிணைகள் என்பதால் 120 இணைப்புகள். எல்லாமே பாதுகாப்பானவை அல்ல. ஓர் எழுத்து மட்டுமே மாறியவை சில நேரம் தப்பாக ஒட்டும். எது எதோடு எவ்வளவு தப்பாக ஒட்டும் என்று அளந்து, ஒன்றுக்கொன்று குழம்பாத தொகுதியைத் தேர்ந்தெடுத்து, 2022-இல் டி7 என்ற வைரஸின் சுமார் 40,000 எழுத்து மரபணுத்தொகையை, அதாவது அதன் முழு டி.என்.ஏ.வை, 52 துண்டுகளிலிருந்து ஒரே வினையில் சேர்த்துக் காட்டினார்கள்.

விலை? மரபணுவின் நடுவில் ஜி-ஜி-டி-சி-டி-சி வந்துவிடக் கூடாது. வந்தால் அதில் ஓர் எழுத்தை, புரதம் மாறாதபடி, முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஒரே அமினோ அமிலத்துக்குப் பல மூன்றெழுத்துச் சொற்கள் இருப்பதால் இது பெரும்பாலும் முடிகிறது. மரபணுவைப் புதிதாகச் செய்து வாங்குவதாக இருந்தால் வரிசையை எழுதும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

கிப்சன் முறை: வெட்டவே வேண்டாம்

கிரெய்க் வென்டர் ஆய்வு நிறுவனத்தில் டேனியல் கிப்சனும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட முறை, வெட்டு நொதியையே விலக்கிவிட்டது. இங்கே ஒவ்வொரு துண்டின் வாலும், அடுத்த துண்டின் தலையும் 20 முதல் 40 எழுத்து வரை ஒன்றாகவே இருக்கும்படி செய்துகொள்கிறோம். துண்டுகளைப் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கும்போதே இந்தப் பொது எழுத்துகளை முனையில் சேர்த்துவிடலாம்.

குழாயில் மூன்று நொதிகள். ஒன்று, இரட்டை இழையின் முனையிலிருந்து ஓர் இழையை மட்டும் அரித்துக்கொண்டே போகும். அரித்த இடத்தில் ஒற்றை இழை வெளிப்பட, பொது எழுத்து உள்ள இரு துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இரண்டாவது நொதி, அளவுக்கு மீறி அரிபட்ட பள்ளத்தை நிரப்பும். மூன்றாவது, லிகேஸ், மிச்சமுள்ள கீறலை மூடும். எல்லாம் 50 டிகிரியில், ஒரு மணி நேரத்துக்குள். அரிக்கும் நொதி வெப்பம் தாங்காதது. அந்தச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும். அதனால்தான் ஒட்டியதை அது மறுபடியும் அரித்துத் தீர்ப்பதில்லை. மூன்று நொதிகளையும் ஒரே சூட்டில் இப்படி முறை மாற்றி வேலை செய்யவைத்த சாமர்த்தியத்துக்காகவே இதை ஒருமுறை தாளில் வரைந்து பார்க்கலாம்.

வடு இல்லை, வெட்டுமிடம் பற்றிய கவலை இல்லை. நான்கைந்து துண்டுகளுக்கு இதைவிட எளிய வழி அரிது. சங்கடம் எங்கே வருகிறது என்றால், ஒரே மாதிரி வரிசை பல இடத்தில் இருக்கும்போது. ஐந்து மரபணுவுக்கும் ஒரே டெர்மினேட்டரை வைத்துவிட்டால், எந்த வால் எந்தத் தலையைப் பிடிப்பது என்று துண்டுகளுக்குத் தெரியாது. நடுவில் உள்ள மரபணுக்களைத் தாண்டி ஒட்டிக்கொள்ளும். அப்புறம், 200 எழுத்துக்கும் குறைவான குட்டித் துண்டுகளை அரிக்கும் நொதி முழுதாகத் தின்றுவிடக்கூடும். ப்ரொமோட்டர்கள் பெரும்பாலும் குட்டியானவை என்பதால் பாதை அமைப்பவர்களுக்கு இது அடிக்கடி குறுக்கே வரும்.

ஈஸ்டிடமே விட்டுவிடலாம்

பேக்கரி ஈஸ்டுக்கு ஓர் இயல்பு உண்டு. அதற்குள் இரண்டு டி.என்.ஏ. துண்டுகள் போய், அவற்றின் முனைகள் ஒத்த வரிசையில் இருந்தால், அது தானாகவே அவற்றை இணைத்துவிடும். தன் சொந்த டி.என்.ஏ. உடையும்போது பழுதுபார்க்கும் இயந்திரம்தான் இந்த வேலையைச் செய்கிறது. ஜெங்யி ஷாவோ, ஹுயிமின் ஜாவோ குழு 2009-இல் இதைப் பாதைகளுக்கே பயன்படுத்தியது: எட்டு மரபணுக்கள் வரை கொண்ட, சுமார் 19,000 எழுத்துப் பாதையைத் துண்டுகளாக ஈஸ்டுக்குள் அனுப்ப, ஈஸ்ட் அதைக் கோத்துக் கொடுத்தது. குழாயில் எதையும் ஒட்டவே இல்லை.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வென்டர் நிறுவனம் 2010-இல் அறிவித்த செயற்கை மரபணுத்தொகை கொண்ட பாக்டீரியா சாட்சி. ஒவ்வொன்றும் 1,080 எழுத்து நீளமுள்ள 1,078 துண்டுகள். ஈஸ்டுக்குள் பத்துப் பத்தாகச் சேர்த்து, சேர்ந்தவற்றை மறுபடி சேர்த்து, மூன்று கட்டத்தில் பத்து லட்சம் எழுத்துக்கு மேல்.

ஆனால் ஈஸ்டின் இந்த நல்ல குணமே பின்னால் எதிராகவும் திரும்பும். பாதையில் ஒரே ப்ரொமோட்டரை மூன்று இடத்தில் வைத்திருந்தால், ஈஸ்ட் அவற்றையும் ‘ஒத்த வரிசை’ என்று பார்த்து ஒன்றோடொன்று இணைத்து, நடுவிலுள்ள மரபணுவைத் தூக்கி எறிந்துவிடலாம். ஆகவே ஈஸ்டில் வேலை செய்பவர்கள் ஒவ்வொரு மரபணுவுக்கும் வேறு வேறு ப்ரொமோட்டர் தேடுவார்கள்.

ஒட்டுவது எளிதானால் என்ன மாறுகிறது?

இந்த முறைகளை நேரத்தை மிச்சப்படுத்தும் கருவிகளாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது குறைவான மதிப்பீடாகத் தோன்றுகிறது. ஒரு பாதையை முதல் முயற்சியிலேயே சரியாக வடிவமைக்க இன்று யாராலும் முடியாது. அதனால் எத்தனை வடிவங்களைச் செய்து பார்க்க முடிகிறது என்பதுதான் எங்கே போய்ச் சேருவோம் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஏன் முடியாது? எல்லா நொதியையும் அதிகபட்சம் உற்பத்தி செய்யவைத்தால் அதிகபட்சம் பொருள் கிடைக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. முதல் நொதி வேகமாகவும் இரண்டாவது மெதுவாகவும் இருந்தால், இடையில் உள்ள மூலக்கூறு தேங்கும். சில இடைப்பொருள்கள் நச்சு. லைகோபீன் போன்றவற்றுக்கு வேண்டிய 5 கார்பன் துண்டுகளைத் தரும் மெவலோனேட் பாதையை ஈ.கோலைக்குள் வைத்தபோது, நடுவிலுள்ள எச்எம்ஜி-கோஏ என்ற மூலக்கூறு தேங்கி செல்லின் வளர்ச்சியையே தடுத்தது. வேண்டாத அளவுக்கு நொதி செய்வதும் செல்லுக்குச் சுமை. அமினோ அமிலங்களும் ஆற்றலும் அதில் கரையும். ஆகவே தேடுவது சமநிலையை.

டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தின் முன்பொருளான டாக்சாடையீனை ஈ.கோலையில் செய்த 2010-ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு நல்ல சான்று. பாதையை மேல்பகுதி, கீழ்ப்பகுதி என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வேகத்தையும் ப்ரொமோட்டரையும் பிரதி எண்ணிக்கையையும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போன இடத்தில் விளைச்சல் லிட்டருக்கு சுமார் 1 கிராம் ஆனது. ஒப்பிட்ட தொடக்க வடிவத்தைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு. மரபணுக்கள் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்பட்டதால் வந்ததல்ல இந்த வேறுபாடு. பெரும்பங்கு சமநிலையால் வந்தது.

இப்போது நம் லைகோபீனுக்குத் திரும்புவோம். மூன்று மரபணுக்களுக்கும் தலா நான்கு வலிமையில் ப்ரொமோட்டர்கள் வைத்துப் பார்க்க ஆசை. நான்கு பெருக்கல் நான்கு பெருக்கல் நான்கு: 64 வடிவங்கள். மரபணு வரிசையையும் மாற்றிப் பார்த்தால் ஆறு மடங்கு: 384. பழைய முறையில் ஒரு வடிவத்துக்கே வாரக்கணக்கு என்பதால், இந்தக் கேள்வியைக் கேட்கவே யாருக்கும் தோன்றாது.

கோல்டன் கேட்டில் 64-ஐயும் தனித்தனியாகச் செய்யவே வேண்டாம். முதல் மரபணுவுக்கான நான்கு ப்ரொமோட்டர்களுக்கும் ஒரே தலை, ஒரே வால் கொடுத்து, நான்கையும் கலந்தே குழாயில் விடுங்கள். அந்த இடத்தில் நான்கில் ஏதோ ஒன்று போய் உட்காரும். மற்ற இரு மரபணுக்களுக்கும் அப்படியே. ஒரே குழாயில் 64 வடிவங்களும் கலந்து உருவாகும். அதைப் பாக்டீரியாவுக்குள் அனுப்பித் தட்டில் பரப்பினால், சில காலனி வெளிர் ரோஜா, சில அடர் சிவப்பு, சில வெள்ளை. எல்லா வடிவத்தையும் ஒருமுறையாவது பார்க்க 64 காலனி போதாது. 64-ஐப் போல ஐந்து மடங்காவது எண்ணிப் பார்க்க வேண்டும். மிகச் சிவந்ததை எடுத்து, உள்ளே எந்தெந்த ப்ரொமோட்டர் இருக்கிறது என்று படித்தால், சமநிலை எங்கே என்பதைச் செல்லே நமக்குச் சொல்லிவிட்டது.

லைகோபீன் கண்ணுக்குத் தெரிவதால் இது இவ்வளவு சுலபம். மலேரியா மருந்தான ஆர்டிமிசினினுக்கு முன்பொருளான ஆர்டிமிசினிக் அமிலத்துக்கு நிறமில்லை. ஜே கீஸ்லிங் குழுவினர் 2006-இல் ஈஸ்டில் அதை லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை கொண்டுவந்தார்கள். 2013-இல் அது 25 கிராம். இடைப்பட்ட ஆண்டுகளில் ஈஸ்ட் ரகத்தை மாற்றியதும், தாவரத்திலிருந்து கூடுதல் நொதிகளைச் சேர்த்ததும், வளர்க்கும் முறையைச் சீராக்கியதும் எல்லாம் நடந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கருவியில் அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒட்டும் வேகம் கூடக் கூட, அளக்கும் வேகம்தான் இப்போது பின்தங்கி நிற்கிறது.

வெள்ளைக் காலனி வந்தால்

முதல் முறை செய்பவர் தட்டில் பெரும்பாலும் சில வெள்ளைக் காலனிகள் இருக்கும். பதற வேண்டாம். ஆனால் வெள்ளைக்குக் காரணம் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

பிளாஸ்மிட் எதையும் ஏற்காமல் பழையபடியே இருந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய தந்திரம் உண்டு. துண்டுகள் அமர வேண்டிய இடத்தில், நிறமற்ற ஒரு சாயப்பொருளை நீலமாக்கும் மரபணு ஒன்றை முன்கூட்டியே வைத்திருப்பார்கள். நம் துண்டுகள் அமர்ந்தால் அது வெளியேறிவிடும். நீலமாக நிற்கும் காலனி என்றால் அங்கே ஒட்டல் நடக்கவில்லை. அதைத் தொடவே வேண்டாம். நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை என்றால், துண்டுகள் தப்பாகச் சேர்ந்திருக்கலாம், பிசிஆரில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம், அல்லது டி.என்.ஏ. எல்லாம் மிகச் சரியாக இருந்து, ப்ரொமோட்டர் மட்டும் வலுவில்லாமல் இருக்கலாம். முதல் இரண்டும் ஒட்டலின் தவறு, மூன்றாவது வடிவமைப்பின் தவறு. நிறத்தை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. பிளாஸ்மிட்டின் எழுத்துகளை முழுதாகப் படித்த பிறகே பாதையைக் குறை சொல்லுங்கள். இந்த இரண்டையும் முன்பின்னாகச் செய்து, சரியான வடிவமைப்பைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

ஓர் எழுத்துதானே என்று விட்டுவிடவும் கூடாது. மேலே சொன்ன 2010-ஆம் ஆண்டுச் செயற்கை மரபணுத்தொகை, பத்து லட்சம் எழுத்தில் ஒரே ஓர் எழுத்து, அதுவும் உயிர்வாழத் தேவையான ஒரு மரபணுவில், விடுபட்டதால் வேலை செய்யாமல் பல வாரங்கள் நின்றது.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், நான் சொல்வது இது. ஒரே ஒரு வடிவம், நான்கைந்து துண்டு என்றால் கிப்சன். பல வடிவம் பார்க்க வேண்டும், துண்டுகளை மறுபடி மறுபடி பயன்படுத்த வேண்டும் என்றால் கோல்டன் கேட். தொடக்கத்தில் துண்டுகளைச் சீராக்கும் சிரமம் பின்னால் பலமடங்கு திரும்பிவரும். மிக நீளமான பாதை, கடைசியில் ஈஸ்டில்தான் வாழப்போகிறது என்றால் ஈஸ்டையே கோக்கவிடுங்கள். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தும் செய்யலாம்: ஒவ்வொரு மரபணுவையும் அதன் ப்ரொமோட்டர், டெர்மினேட்டரோடு கோல்டன் கேட்டில் ஓர் அலகாக்கி, அந்த அலகுகளை ஈஸ்டில் இணைப்பது பலரும் செய்வது. கிரிஸ்பர் இதில் எங்கே வருகிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அது ஒட்டும் முறை அல்ல. ஒட்டி முடித்த பாதையைச் செல்லின் குரோமோசோமில் நாம் விரும்பும் இடத்தில் அமர்த்த, அந்த இடத்தை வெட்டித் திறந்துகொடுக்கும் கருவி.

தொடங்கும்போதே ஒன்றைச் செய்துவைத்துக்கொள்ளுங்கள். கோல்டன் கேட்டில் சிஆர்டி-ஐக்குப் பின்னால் நேராகப் பிளாஸ்மிட்டைக் கோக்காமல், நடுவே ஒரு குட்டி இணைப்புத் துண்டு வையுங்கள். அதன் தலை சிஆர்டி-ஐயின் வாலுக்கும், அதன் வால் பிளாஸ்மிட்டுக்கும் பொருந்தட்டும். லைகோபீன் வந்ததும், அடுத்த முறை குழாயில் அந்த இணைப்பை மட்டும் போடாமல், அதே தலையும் வாலும் கொண்ட சிஆர்டி-ஒய் துண்டைப் போடுங்கள். மற்ற எந்தத் துண்டையும் மாற்ற வேண்டியதில்லை. சரியாக ஒட்டியிருந்தால், போன முறை சிவந்த காலனிகள் இந்த முறை ஆரஞ்சாக வரும்.